தோலகட்டித் துறவிகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், உரும்பிராயையும் புன்னாலைக்கட்டுவனையும் கடந்ததும் நிலத்தின் நிறம் சிவந்து வருவதைக் காண்பர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் பேர்போன வலிகாமத்துச் செம்மண் அது. அந்த மண்ணில், வசாவிளானை அடுத்துள்ள தோலகட்டி என்னும் சிற்றூரில், 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் ஒரு துறவு மடம் தோன்றியது. செபமாலைத் தாசர் சபை என்பது அதன் பெயர். ஊரார் அதனை ஆச்சிரமம் என்றே வழங்கினர். ஐரோப்பாவிலிருந்து கிளை பரப்பி வந்த சபையன்று அது. யாழ்ப்பாணத்துக் குருவானவர் ஒருவரால், யாழ்ப்பாணத்து மக்களைக் கொண்டே தொடங்கப்பெற்ற தியான சபை.

நேயர்களே, கத்தோலிக்கத் துறவு என்றால் நம்மில் பலருக்குப் பாடசாலையும் வைத்தியசாலையுமே நினைவுக்கு வரும். அதற்குக் காரணம் உண்டு. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய பின்னர் இங்கு கத்தோலிக்கம் தடைப்பட்டுக் கிடந்தது. 1687இல் கோவையிலிருந்து, அதாவது மேலைக்கரையிலுள்ள கோவாவிலிருந்து, மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளார் அதற்கு உயிரூட்டினார். பிரித்தானியர் காலத்தில், 1847இல், அமலமரித் தியாகிகள் என்னும் பிரெஞ்சுச் சபையார் வந்திறங்கினர். அவர்கள் செயல்வீரர்கள். கோவில் கட்டினர், பள்ளி நடத்தினர், அச்சகம் நிறுவினர், 1876இல் ‘சத்தியவேத பாதுகாவலன்’ என்னும் பத்திரிகையையும் தொடங்கினர். செய்வதற்கு அத்தனை வேலை கிடந்த நாட்டில், கதவடைத்துக்கொண்டு செபத்தில் அமர்ந்திருக்க யாருக்கு நேரம்?

அந்த நேரத்தைத் தேடச் சொன்னவர் உரோமையிலிருந்த பாப்பரசர் 11ஆம் பத்திநாதர். 1926 பெப்ரவரியில் அவர் விடுத்த சுற்றுமடலில், மறைபரப்பு நாடுகளின் திருச்சபை அந்நாட்டவர் கையிலேயே வளரவேண்டும் என்றும், ஆங்காங்கே தியான மடங்கள் எழவேண்டும் என்றும் வற்புறுத்தினார். காலத்தின் போக்கும் அவ்வாறே இருந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே தூத்துக்குடியில் திபுர்சியு ரோச் ஆண்டகை ஆயராக நியமிக்கப்பட்டிருந்தார். அதே 1926இல் பாப்பரசர் சீன நாட்டவர் அறுவரைத் தம் கையாலேயே ஆயர்களாக அபிடேகம் செய்தார். யாழ்ப்பாணம் தன் மண்ணின் மைந்தரான எமிலியானுஸ்பிள்ளை ஆண்டகையை ஆயராகக் காண 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் தியான மடம் முந்திக்கொண்டது. அப்போது ஆயராயிருந்த கியோமார் ஆண்டகை, அப்பொறுப்பைத் தோமஸ் அடிகளாரிடம் ஒப்படைத்தார்.

தோமஸ் அடிகளார் 1886இல் யாழ்ப்பாண நகரின் பாண்டியன்தாழ்வில் பிறந்தவர், அமலமரித் தியாகிகள் சபைக் குரு, கல்விமான், உடல் நலிந்தவர். நலிந்த உடம்பினரான அவர் வகுத்த வாழ்வோ, வலிய உடம்பினரும் அஞ்சத்தக்கது.

அவ்வாழ்வின் ஒழுங்கை நான்கு சொற்களில் அடக்கலாம்: செபம், மௌனம், தவம், உழைப்பு. பொழுது புலருமுன் எழுதல், பூசை, மன்றாட்டு, பின்னர் தோட்டவேலை, மீண்டும் செபம் என்று நாள் கழியும். நற்கருணையின் முன் முறைவைத்து விழித்திருந்து செபமாலை சொல்லுவர். ஒருவர் எழுந்து செல்ல மற்றொருவர் வந்து முழந்தாளிடுவர். ஊர் உறங்கும் சாமத்திலும் அந்த முறை நிற்பதில்லை. உணவு மரக்கறியே. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ற் முனிவர் வகுத்த செபமும் உழைப்பும் என்னும் ஒழுங்கும், பேச்சை நீக்கிய திராப்பிஸ்தர் மடங்களின் கடுமையும் இதன் பின்னணியில் இருந்தன. ஆயினும், புலால் நீக்கி, பேச்சடக்கி, கையால் உழைத்து, தரையோடு தரையாக வாழும் ஒருவரை அயலிலுள்ள சைவ மக்கள் அடையாளம் காண்பதற்குப் பெனடிக்ற் முனிவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியதில்லை. ஆச்சிரமம் என்ற சொல் பொருந்தி அமைந்ததும் அதனாலேயே.

மௌனம் என்பது எத்துணைக் கடினமானது என்பதை யாழ்ப்பாணத்துத் தோட்டங்களை அறிந்தவர் உணர்வர். அக்காலத்தில் இறைப்புக்குத் துலாவே கருவி. துலாவில் ஏறி மிதிப்பவர், கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்துக் கவிழ்ப்பவர், வாய்க்காலில் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்புபவர் என்று பலர் ஒத்து இயங்கவேண்டிய வேலை அது. அயலெங்கும் பாட்டும் கூப்பாடுமாக நடக்கும் தொழில். விவசாயம் செய்யும் கூட்டத்தார் பேசாதிருக்க ஒப்புக்கொள்வது, எழுதுபவன் பேசாதிருக்க ஒப்புக்கொள்வதைப் போன்றதன்று.

ஆனால் இம்மடத்தின் உண்மையான சோதனை மௌனத்தில் இல்லை என்பது என் கருத்து. அது சாப்பாட்டு மேசையில் இருந்தது.

1920களின் யாழ்ப்பாணத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் யார் வீட்டுக் கிணற்றில் அள்ளலாம், யார் வீட்டில் எங்கே அமரலாம், எந்தப் பாத்திரத்தில் குடிக்கலாம் என்பவற்றைச் சாதியே தீர்மானித்தது. தாகத்தோடு வந்த ஏழை கிணற்றடிக்குச் செல்லாமல், யாரேனும் அள்ளி வார்க்கும்வரை தள்ளி நிற்கவேண்டும். கிறிஸ்தவராவதால் இது மாறிவிடவில்லை. கோவிலுக்குள்ளும் இடம் பார்த்து இருக்கும் வழக்கம் பல ஊர்களில் நிலவிற்று. ஆச்சிரமம் தொடங்கிய மறு ஆண்டிலேயே, 1929இல், அரசின் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரவேண்டும் என்று கல்விப் பகுதி கட்டளையிட்டது. வாங்கில் ஒன்றாக இருப்பதற்கு எழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. பிள்ளைகள் ஒரே வாங்கில் இருப்பதற்கே இந்தப் பாடு என்றால், வளர்ந்தவர்கள் ஒரே பந்தியில் உண்பதற்கு என்ன பாடு இருந்திருக்கும்?

தோமஸ் அடிகளார் எல்லாச் சாதியாரையும் சேர்த்துக்கொண்டார். ஒரே கூரை, ஒரே பந்தி, ஒரே வேலை. சாதி என்பது பரிகாரம் தேடவேண்டிய பாவம் என்றே அவர் கொண்டார். அந்தத் தவத்தின் நோக்கங்களுள் அதுவும் ஒன்று. துறவி தன் வீட்டையும் உறவையும் விடுவது எந்த நாட்டிலும் உள்ளதே. யாழ்ப்பாணத்திலோ அதற்குத் தனிப்பொருள் உண்டு. இங்கே ஒருவருடைய ஊரையும், குறிச்சியையும், தகப்பன் பேரையும் கேட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். ‘தம்பி எவடம்?’ என்ற கேள்வி வழி விசாரிப்பதற்காக மட்டும் கேட்கப்படுவதன்று. பேசாத மடத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. இப்படிப் பார்க்கையில், மௌனமும் சமபந்தியும் வேறுவேறு விதிகளல்ல என்று தோன்றுகிறது. அடிகளார் அவ்வாறு எண்ணி வகுத்தாரோ இல்லையோ, விளைவு அதுவே.

சீவனத்துக்கு என்ன வழி? பாடசாலை நடத்தாத மடத்துக்குப் பாடசாலைச் சம்பளம் கிடையாது. தோட்டமே கைகொடுத்தது. செம்மண்ணில் முந்திரிகைக் கொடி படர்ந்தது. பூசைக்கு வேண்டிய முந்திரிகை இரசம் இங்கேயே வடிக்கப்பட்டது. கடல்கடந்து வரும் போத்தலுக்குக் காத்திருந்த கோவில்களுக்கு இது பெரிய ஆறுதல். நெல்லிக்கனியைப் பிழிந்து செய்த நெல்லிரசமும் விற்பனைக்கு வந்தது. வெயிலில் வந்த விருந்தினருக்கு அதனைத் தண்ணீர் கலந்து கொடுப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழக்கமாயிற்று. பேச்சையே துறந்தவர்களுடைய ஊர்ப்பெயரை ஒரு போத்தல் வீடுவீடாகச் சொல்லித் திரிந்தது. தோலகட்டி என்றதும் துறவியரை நினையாமல் நெல்லிரசத்தை மட்டும் நினைப்போர் இன்றும் பலர். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஐரோப்பாவிலும் பல மடங்களை உலகம் அறிந்தது அவற்றின் பானங்களாலும் பாலடைக்கட்டியாலுமே.

சபை வளர்ந்தது. பெண்களுக்கும் அதே ஒழுங்கில் ஒரு சபை அமைந்தது. கடல்கடந்து இந்தியாவிலும் கிளைகள் தோன்றின. மேலைநாட்டார் இங்கு வந்து மடம் அமைத்த காலம் போய், இங்கிருந்து மடம் வெளியே சென்ற காலம் வந்தது.

எனினும் மதிலுக்கு உள்ளே நடந்தது மதிலுக்கு வெளியே பரவிவிட்டது என்று கூறுவது வரலாறாகாது. தோலகட்டிக்குச் சில கல் தொலைவிலேயே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் உள்ளது. ஒடுக்கப்பட்ட மக்கள் அக்கோவிலுக்குள் வழிபட வழிவிடுமாறு போராடியது 1968இல். ஆச்சிரமத்தில் ஒரு பந்தி விரிந்து அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. கத்தோலிக்க ஊர்களிலும் திருமணம் பேசும்போது பழைய கணக்கே பேசப்பட்டது. துறவிகள் ஊரைத் திருத்தக் கிளம்பவில்லை. தாங்கள் அவ்வாறு வாழமுடியும் என்பதை மட்டுமே காட்டினர். அது போதுமா என்று கேட்பவருக்கு, போதாது என்றே நான் விடை கூறுவேன். ஆனால் அக்காலத்தில் அதனையும் செய்யாதவர் எத்தனை பேர்?

தோமஸ் அடிகளார் 1964 ஜனவரியில் காலமானார். கொழும்புத்துறையில் சிறு கொட்டிலில் இருந்து, சொற்சுருக்கத்தாலேயே யாழ்ப்பாணத்தை ஆட்கொண்ட யோகர் சுவாமிகள் சமாதியடைந்தது அதே ஆண்டு மார்ச்சில். இருவரும் வேறு மார்க்கத்தார். இரண்டு மாதத்துக்குள் இரு மௌனிகளை இழந்தது குடாநாடு.

துறவு மடத்துக்கு நிலையாக ஓரிடத்தில் இருத்தல் உயிர் போன்றது. தோலகட்டியாருக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1990இல் போர் மூண்டபோது பலாலிப் படைத்தளத்தைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் ஊர் ஊராக வெளியேறினர். அப்பகுதி பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மதிலைத் தாண்டி வெளியே வராதிருக்க வாக்குக் கொடுத்த துறவியர், மூட்டையும் முடிச்சுமாக நடந்த ஊராரோடு தாமும் இடம்பெயர்ந்தனர். வயோதிபரும் பிள்ளைகளும், கூலிக்காரரும் காணிக்காரரும், அந்தந்த இடத்தில் கிடைத்த கிணற்றில் தண்ணீர் அள்ளிக் குடித்து நடந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னர், வலிகாமம் வடக்கின் நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. இருபதாண்டுக்கு மேல் கைபடாத செம்மண்ணில் மரமும் புதரும் மண்டிக் கிடக்க, கிணறு எங்கே இருந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பதே திரும்பி வந்தோரின் முதல் வேலையாயிற்று.