அறுவைக் குறிப்பேனா

அறுவைக் குறிப்பேனா என்பது அறுவை சிகிச்சை செய்யவேண்டிய இடத்தை முன்கூட்டியே நோயாளியின் தோலில் குறிக்கப் பயன்படும் பேனா ஆகும். வலம், இடம் மாறி அறுத்துவிடாமல் தடுக்க இக்குறி இடப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2008 இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலிலும் இக்குறி பற்றிய கேள்வி உண்டு.

இதன் மை பெரும்பாலும் ஜென்சியன் வயலட் என்னும் ஊதாச் சாயமாகும். வாய்ப்புண்ணுக்குத் தடவப்பட்டு வந்த பழைய மருந்தும் இதுவே. கிருமிகளைக் கொல்லும் சாயம் என்பதால் இது மாசடையாது என்று கருத முடியாது. அமெரிக்காவில் ஒப்பனை அறுவை செய்துகொண்ட சிலரின் காயங்களில் ஏற்பட்ட தொற்றுக்கு, குறியிடப் பயன்பட்ட ஜென்சியன் வயலட் கரைசலே காரணம் என்று 1987 இல் வெளியான ஆய்வுக்கட்டுரை காட்டியது. அக்கரைசலில் இருந்தது மைக்கோபாக்டீரியம் கெலோனே என்னும் கிருமி.

காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த இது நீரிலும் மண்ணிலும் வாழ்வது. மெழுகு போன்ற மேலுறை இதற்குக் காப்பு. மன்னார் வளைகுடாக் கரையினர் நன்கறிந்த கடலாமையே இதற்குப் பெயர் தந்தது. 1903 இல் கடலாமையிலிருந்து இது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. காயம் ஆறியதாகத் தோன்றிச் சில வாரங்களுக்குப் பின்னரே கட்டியும் சீழும் வெளிப்படும். வழக்கமான காசநோய் மருந்துகளுக்கு இது பொதுவாகக் கட்டுப்படுவதில்லை. சிகிச்சை பல மாதங்கள் நீளலாம்.

மதுசார மை கொண்ட பேனாக்களில் பொதுவான தோல் கிருமிகள் நெடுநேரம் பிழைப்பதில்லை. குறியிட்டபின் தோலைக் கிருமிநாசினியால் துடைப்பதும் ஆபத்தைக் குறைக்கிறது. பேனா இல்லையென்று குறியிடாமல் விடுவதே இதனினும் பெரிய தீங்கு. ஆயினும் ஒருவருக்குப் பயன்பட்ட பேனாவை மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. அறுவையின் நடுவே குறியிட, கிருமி நீக்கி உறையிட்ட புதிய பேனாவே ஏற்றது.