கப்பல் தளம் தேய்த்த கல்

ஒரு பரப்பை வழவழப்பாக்கும் செயலைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உண்டு. தச்சர் இழைப்புளியால் மரத்தை இழைப்பதற்கு ஒரு சொல், கன்னார் பாத்திரத்தை மெருகிடுவதற்கு ஒரு சொல், கொத்தனார் மணியாசுக் கட்டையால் சாந்தைத் தேய்ப்பதற்கு ஒரு சொல் என்று அவை தொழிலுக்குத் தொழில் வேறுபடும். அவற்றுள் கடலிலேயே பிறந்து, கடலிலேயே வழங்கி, மரத்தளங்களின் காலம் முடிந்தபோது தானும் ஏறக்குறைய வழக்கொழிந்த வினை ஒன்று இருக்கிறது. ‘ஹோலிஸ்டோன்’ என்பது அது. கப்பலின் மரத்தளத்தில் கடல்நீரை இறைத்து, மணலைத் தூவி, மிருதுவான மணற்கல்லால் பலகையின் ரேகை ஓடும் போக்கிலே தேய்த்து, அழுக்கும் சிராயும் நீங்கி மரம் வெளுத்து வழவழக்கும்படி செய்தல் என்பதே அதன் பொருள். அந்தக் கல்லுக்குப் ‘புனிதக் கல்’ என்று பெயர். கல்லின் பெயரே செயலின் பெயராகவும் ஆயிற்று.

ஒரு சாதாரண மணற்கல்லுக்குப் புனிதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு, ஆங்கிலேயக் கடற்படையின் அட்மிரல் ஸ்மித் தொகுத்து, அவர் காலமான பிறகு 1867-இல் வெளிவந்த மாலுமிகளின் சொல்லகராதி மூன்று காரணங்களைக் கூறுகிறது: ஞாயிற்றுக்கிழமைத் துப்புரவுக்கென்று அந்தக் கல் முதலில் உபயோகிக்கப்பட்டது என்பது ஒன்று, தேவாலயங்களை அடுத்த இடுகாடுகளில் கல்லறைக் கற்களைக் களவாடிக் கொண்டுவந்தார்கள் என்பது மற்றொன்று, மண்டியிட்டே அதைக் கையாள வேண்டியிருந்தது என்பது மூன்றாவது. இரண்டாவது காரணத்துக்கு ஆதாரமாக, இங்கிலாந்தின் கிரேட் யார்மவுத் துறைமுகத்துத் தேவாலயத்தையும், வைட் தீவில் செயின்ட் ஹெலன்ஸ் கடற்கரையில் இடிந்து கிடந்த பழைய கோயிலையும் சுட்டிக் காட்டும் கர்ண பரம்பரைக் கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன. கோயில் இடிபாட்டுக் கல்லால் எத்தனை கப்பல்களைத் தேய்த்திருக்க முடியும்? மூன்றாவது காரணமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெரிய கல்லுக்கு ‘பைபிள்’ என்றும், மூலை முடுக்குகளைத் தேய்க்கும் சிறு கல்லுக்கு ‘ஜெபப் புத்தகம்’ என்றும் மாலுமிகள் பெயர் வைத்திருந்தார்கள் என்பதைப் பார்க்கும்போது, முழந்தாளிட்டு வரிசையாகக் குனிந்திருந்த மனிதர்களின் தோற்றமே இந்தப் பெயர்கள் அனைத்துக்கும் வித்து என்று கொள்வதில் தவறில்லை.

அந்த வேலை நடந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குக் காவல் மாறும். சிறிது நேரத்துக்கெல்லாம் கைப்பம்புகளால் கடல்நீரை இறைத்துத் தளம் முழுவதையும் நனைப்பார்கள். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு கூட்டத்தார் ஈர மணலைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக்கொண்டு போக, மற்றொரு கூட்டத்தார் தளத்தின் அகலத்துக்கு வரிசையாக மண்டியிட்டு, ஆளுக்கொரு கல்லை இரு கைகளாலும் அழுத்தி முன்னும் பின்னுமாகத் தள்ளித் தேய்ப்பார்கள். ஓர் இடம் முடிந்தால் வரிசை முழுவதும் முழங்காலாலேயே ஓரடி நகரும். சாம்பல் நிறமான குழம்பு பலகைமேல் படரும். அதன் அடியில் இருக்கும் கூர்மணல் முழங்காலை அறுக்கும். குளிர்ப் பிரதேசத்துக் கடலானால் அந்த நீர் எலும்புவரை ஊறும். பின்னாலே கயிற்றுத் துண்டோடு மேற்பார்வையாளன் நிற்பான். கடைசியில் வாளி வாளியாக நீர் விட்டுக் கழுவி, கயிற்றுநார்த் துடைப்பங்களால் ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகே, எட்டு மணியளவில் காலை ஆகாரம். வெயில் ஏறித் தளம் உலரும்போது, வண்ணான் துறையில் வெளுத்த வேட்டியைப் போல அது பளிச்சென்று தெரியும். டிரபால்கர் யுத்தத்தில் நெல்ஸன் ஏறியிருந்த ‘விக்டரி’ கப்பலின் பீரங்கித் தளம் 186 அடி நீளம். அதிலிருந்தவர்கள் எண்ணூறு பேருக்கு மேல். அத்தனை பேர் உண்டு, உறங்கி, நடந்து அழுக்காக்கிய தளங்களைத் துப்புரவு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் இதற்கு நியாயமான அவசியம் இருந்தது. மாலுமிகள் பெரும்பாலும் வெறுங்காலோடு நடமாடியவர்கள். சிராய் எழும்பிய பலகை அவர்கள் பாதத்துக்குச் சத்துரு. தளப் பலகைகளின் சந்துகளில் பழங்கயிற்று நாரைத் திணித்துத் தாரை உருக்கி ஊற்றும் கலப்பற்று வேலை நிலைத்து நிற்க வேண்டுமானால், உஷ்ணப் பிரதேசத்து வெயிலில் மரம் காய்ந்து சுருங்காதபடி அதை அடிக்கடி நனைத்து வைப்பதும் வேண்டியதே. சிந்திய தாரும் கொழுப்பும் மரத்தில் ஊறிவிட்டால் வெறும் தண்ணீரால் அவை போகமாட்டா. ஆகையால் மணலும் கல்லும் கப்பலுக்குத் தேவைப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், தேவை நின்ற இடத்தில் வழக்கம் நிற்கவில்லை. தளத்தின் வெண்மை கப்பலின் கௌரவத்துக்கு அடையாளமாயிற்று. துறைமுகத்திலே பக்கத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பலைவிடத் தம் கப்பல் வெளுத்திருக்க வேண்டும் என்ற போட்டி அதிகாரிகளிடையே மூண்டது. அதைவிடவும் ஆழமான காரணம் ஒன்றை, அந்த வேலையைத் தம் கையாலேயே செய்த ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் ரிச்சர்ட் ஹென்றி டேனா. ஹார்வர்டு கலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது மணல்வாரி அம்மையால் பார்வை பலவீனமுற்று, படிப்பை நிறுத்திவிட்டு, 1834 ஆகஸ்டில் ‘பில்கிரிம்’ என்ற கப்பலில் சாதாரண மாலுமியாகப் பாஸ்டன் நகரிலிருந்து கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டவர். கேப் ஹார்ன் முனையைச் சுற்றிச் சென்று, தோல் வியாபாரத்துக்காகக் கடற்கரையில் மாட்டுத்தோல் சுமந்து திரும்பிய அனுபவத்தை 1840-இல் நூலாக வெளியிட்டார். இரு முனைகளிலும் நீண்ட கயிறுகள் பூட்டிய பெரிய கல்லை ஆட்கள் இரு பக்கமும் நின்று ஈரத் தளத்தின்மேல் மாறி மாறி இழுப்பதை அவர் வர்ணிக்கிறார். அதோடு, மேல்தளத்தில் இருக்கும் மாலுமி ஒரு கணமும் சும்மா இருக்கலாகாது என்பதே கப்பலின் சட்டம் என்றும், செய்வதற்கு வேறொன்றும் இல்லாவிட்டால் நங்கூரச் சங்கிலியின் துருவையாவது சுரண்டச் சொல்வார்கள் என்றும் கூறுகிறார். ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொல்லும் வேதக் கட்டளையைத் தங்கள் நிலைமைக்கேற்பத் திரித்து, ஏழாம் நாளிலும் கல்லையும் சங்கிலியையும் விட்டபாடில்லை என்று மாலுமிகள் பாடிக்கொண்ட கசப்பான பாடல் ஒன்றையும் அவர் குறித்திருக்கிறார். தளத்தைத் தேய்த்தது தளத்துக்காக மட்டும் அன்று, மனிதரை அடக்கி வைப்பதற்காகவும்தான் என்பது இதனால் பிரத்தியட்சமாகிறது.

டேனாவுக்குப் பின்னர் இதைக் கண்டித்தவர் ஹெர்மன் மெல்வில். 1843-இல் ஹானலூலுவில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றில் சேர்ந்து, அடுத்த ஆண்டு பாஸ்டனில் விடுதலை பெற்ற அவர், 1850-இல் ‘ஒயிட் ஜாக்கெட்’ என்னும் நூலை எழுதினார். கடுங்குளிரிலும் நாள்தோறும் தளங்களை நனைப்பதால் மாலுமிகள் நோயுற்று அற்பாயுளில் மாண்டுபோவதை அவர் அதில் எடுத்துரைத்தார்; ஈரத் தளத்தில் உண்டு உறங்க வேண்டியவன் மாலுமியே தவிர, வெண்மையைப் பார்த்து மகிழும் அதிகாரி அல்லவே. கசையடியைக் கண்டித்து அவர் அந்நூலில் எழுதியவை இன்றும் பெரிதும் பேசப்படுகின்றன. அதே ஆண்டு அமெரிக்கச் சட்டசபை தன் கப்பல்களில் கசையடியை ஒழித்தது. மணற்கல்லைப் பற்றிய அவருடைய முறையீட்டுக்கோ செவிசாய்ப்பார் இல்லை.

தேய்க்கத் தேய்க்க மரம் தேயும் என்பதை எவரும் அறிவர். பைன் மரத்தளம் விரைவில் மெலிந்துவிடும். தேக்கோ நின்று உழைக்கும். நம் நாட்டுத் தேக்கின் பெருமை கடற்படைகளில் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம். மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாயில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் தச்சர்கள் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய போர்க்கப்பலொன்று, திருகோணமலையின் பெயரைத் தாங்கி, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது.

எஃகுக் கப்பல்கள் வந்த பிறகும் பெரிய போர்க்கப்பல்களின் மேல்தளத்தில் மரம் பாவுவது தொடர்ந்தமையால் கல்லும் தொடர்ந்தது. முழந்தாளிடுவது மட்டும் மெல்ல மறைந்தது. கல்லின் மேற்புறத்தில் ஒரு குழி செய்து, அதில் தடியின் நுனியை ஊன்றி, தடியை அக்குளில் இடுக்கியபடி நின்றுகொண்டே தேய்க்கும் முறை வந்தது. ஒருவன் எண்ணிக்கை சொல்ல, வரிசை முழுவதும் ஒரே தாளத்தில் தேய்த்து, எண்ணிக்கை முடிந்ததும் அடுத்த பலகைக்கு நகரும்.

1931-இல் அமெரிக்கக் கடற்படை இந்த வழக்கத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. அது காட்டிய காரணம் கவனிக்கத்தக்கது: கல்லால் தேய்ப்பதனால் தளங்கள் வெகு விரைவில் தேய்ந்துபோகின்றன, அவற்றைச் செப்பனிட ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதே. எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னமே டேனாவும் மெல்வில்லும் எடுத்துரைத்த மனித வேதனை சாதிக்காததைப் பலகையின் விலை சாதித்தது. அதன் பின்னரும் வழக்கம் அடியோடு போகவில்லை. 1945 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜப்பான் சரணாகதிப் பத்திரத்தில் கையொப்பமிட்ட ‘மிஸ்ஸூரி’ கப்பலும் அதன் சகோதரக் கப்பல்களும் 1990-களின் தொடக்கம் வரை சேவையில் இருந்தபோது, அவற்றின் தேக்குத் தளங்களில் அந்தத் தடியும் கல்லும் மறுபடியும் காணப்பட்டன.

கடற்போர்களின் சரித்திரத்தைத் தளபதிகளின் வெற்றிகளாக மட்டுமே நாம் படித்துப் பழகிவிட்டோம். டேனாவின் நூலையும் மெல்வில்லின் நூலையும் அடுத்தடுத்து வைத்து ஒருமுறை முழுமையாகப் படிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கப்பலை ஓட்டியவர்களின் காலைப் பொழுது எப்படிக் கழிந்தது என்பதை அவ்விரண்டைப் போல உள்ளபடி சொல்லும் நூல்களை நான் கண்டதில்லை.