சித்திர சபையும் சித்ராலயமும்

கடையத்திலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறவர்கள், 1956 நவம்பர் 1ஆம் தேதி வரையில், திருவனந்தபுரத்து ஆட்சிக்குள் கால் வைத்தார்கள். 1904இல் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கிய பின் மலைக்கு அப்பால் போய்வருவது இன்னும் சுலபமாயிற்று. ஆகையால், கிளிமானூர் அரண்மனைக் குடும்பத்தார் பேணிவந்த எண்ணெய் வர்ணச் சித்திரங்கள் பொதுஜனங்களின் பார்வைக்கு வந்துசேர்ந்த சரித்திரம் எங்கள் பக்கத்துக்கு அந்நியமானதன்று. கடையத்து மருமகனாகிய பாரதியாரே, 1906இல் ரவிவர்மா காலமானபோது, இரங்கற்பா பாடியவர்.

கிளிமானூரில் சித்திரம் ஒருவருடைய பொழுதுபோக்காக இருக்கவில்லை. தாய்மாமன் ராஜராஜவர்மா தூரிகை பிடித்தவர். 1848இல் பிறந்த ரவிவர்மாவும், நிழல்போல் உடனிருந்து உழைத்த தம்பி சி. ராஜராஜவர்மாவும், தங்கை மங்களாபாயும், மகன் ராமவர்மாவும் அதே வழி. எண்ணெய் வர்ணத்தின் சூட்சுமத்தை அரண்மனைச் சித்திரக்காரர் ராமஸ்வாமி நாயக்கர் சொல்லித்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாகக் காட்டிக்கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரரோ, தாம் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதித்தாராம். வித்தையைப் பூட்டிவைத்தவர்களிடையே வளர்ந்த மனிதர், 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் நிறுவித் தம் சித்திரங்களைத் தேசமெங்கும் வாரி இறைத்தது வேடிக்கைதான்.

வர்ணத்துக்கொரு கல்லாக அச்சிடப்பட்ட அந்த லட்சுமியும் சரஸ்வதியும் பூஜையறைகளுக்கும் கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மேலேயும் குடியேறி, சந்தனப்பொட்டும் சாம்பிராணிப் புகையும் ஏற்று முகம் மங்கினார்கள். அசல் சித்திரங்களோ அரண்மனைகளிலேயே இருந்தன. 1935 செப்டம்பர் 25ஆம் தேதி, மகாராஜா சித்திரைத் திருநாள் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்ராலயத்தைத் திறந்துவைத்தார். அரண்மனைச் சேகரங்களிலிருந்தும் கிளிமானூரிலிருந்தும் ரவிவர்மாவின் சித்திரங்கள் அங்கே இடம்பெயர்ந்தன.

சித்திரத்தைப் பொதுவுடைமையாக்க அரண்மனையின் தயவு எதற்கு, குற்றாலத்துச் சித்திர சபையில் அது என்றைக்கோ நடந்தாயிற்றே என்று சொல்பவர்கள் உண்டு. செப்புத் தகடு வேய்ந்த கூரையின்கீழ், கூத்தபிரான் விக்கிரகமாக அல்லாமல் சுவரில் தீட்டிய சித்திரமாகவே பூஜை கொள்ளும் அந்த மண்டபத்துக்கு ஈடேது? ஆனால் ஆலயப் பிரவேசத்துக்குத் திருவாங்கூரில் 1936 நவம்பரிலும், சென்னை மாகாணத்தில் 1939லும்தான் சட்டம் வழிவிட்டது என்பதை மறந்துவிட்டு, பழைய சுவர்களெல்லாம் எல்லோருக்கும் சொந்தமாயிருந்தன என்று பெருமை பேசுவது நியாயமாகாது. எல்லோருடைய வீட்டுக்கும் முதலில் வந்தது அச்சுப்படம். அதற்குப் பின்னரே அசலின் கதவு திறந்தது.

அசலுக்கு முன்னால் நின்றால்தான் அச்சு எதை விழுங்கியது என்பது விளங்கும். அன்னத்தின் தூதை ஆவலாய்க் கேட்டு நிற்கும் தமயந்தியின் சிவப்புப் புடவையை, அச்சுப்படத்தில் ஒரே சிவப்பாகப் பார்த்த கண்களுக்கு, மடிப்புக்கு மடிப்பு வெளிச்சம் இளகியும் நிழல் கனத்தும் கிடக்கும் 1899ஆம் வருஷத்துப் பட்டு வேறொரு வஸ்துவாகவே தோன்றும்.

இந்தச் சித்ராலயத்தை அமைத்துக்கொடுத்த ஐரிஷ்காரர் ஜேம்ஸ் கஸின்ஸ், ரவிவர்மாவின் ஐரோப்பியப் பாணியை ஏளனம் செய்த வங்காளச் சித்திரக்காரர்களுக்காக வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவர். இருந்தும் ராஜபுதனத்துச் சித்திரங்கள், ரோரிக்கின் இமயமலைகள், சீன ஜப்பானியச் சித்திரங்கள் ஆகியவற்றோடு ரவிவர்மாவுக்கும் அவருடைய எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் ஒரே கூரையின்கீழ் இடம் கிடைத்தது. 2023இல் ரவிவர்மாவுக்கென்றே பக்கத்தில் தனிக் கட்டிடம் திறந்துவிட்டார்கள். சித்திரங்களின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான், ஆனால் அந்தப் பழைய சச்சரவை ஒரே நடையில் பார்த்து முடிக்கிற ருசி போய்விட்டது என்பது என் அபிப்பிராயம்.