ஓரக்குறிப்பும் மதிப்பெண்ணும்: அமெரிக்கக் கோடை வாசிப்பு குறித்து

அமெரிக்காவில் எட்டாம் வகுப்பை முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பதினான்கு வயது மாணவர் பலருக்குக் கோடை விடுமுறையே ஒரு வீட்டுப்பாடத்தோடுதான் தொடங்குகிறது. பள்ளி சொல்லும் நாவலை வாசிக்க வேண்டும். வாசிக்கும்போதே பக்க ஓரங்களில் குறிப்பெழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் அந்தப் பிரதியை ஆசிரியரிடம் காட்ட வேண்டும். அத்தியாயத்துக்கு இத்தனை குறிப்பு, உவமைக்கு ஒரு நிறம், பாத்திரத்துக்கு இன்னொரு நிறம் என்று வரையறுக்கும் பள்ளிகளும் உண்டு. ஓரக்குறிப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அதனாலேயே அதை எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடும் முறை போக வேண்டும் என்று வாதிடுகிறேன்.

ஓரக்குறிப்பு எழுதும் பழக்கத்துக்கு அங்கே வலுவான கருத்துத்துணை தந்தவர் மார்ட்டிமர் ஆட்லர். 1940இல் ‘ஒரு புத்தகத்தை எப்படி வாசிப்பது’ என்ற நூலை வெளியிட்ட அவர், புத்தகத்தில் குறியிடுவது பற்றித் தனிக் கட்டுரையும் எழுதினார். காசு கொடுத்து வாங்குவதால் மட்டும் புத்தகம் நம்முடையதாகிவிடாது, நூலாசிரியரோடு உடன்பட்டும் முரண்பட்டும் எழுதும்போதே அது முழுமையாக நம்முடையதாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அக்கட்டுரை பேசுவது தனக்காக எழுதும் வாசகரைப் பற்றி. மேற்பார்வைக்காக எழுதும் குறிப்பு அந்த வாதத்துக்குள் அடங்காது.

கோடு போடுவதே கற்றல் என்ற நம்பிக்கையும் ஆய்வில் நிற்கவில்லை. ஜான் டன்லாஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் பத்துக் கற்றல் உத்திகளைச் சீர்தூக்கிப் பார்த்தபோது, அடிக்கோடிடுவதையும் வண்ணம் தீட்டுவதையும் பயன் குறைந்தவற்றுள் வைத்தனர். ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்டு விடை தேடுவதை நடுத்தரப் பயனுடையதாகக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது பெரும்பாலும் பாடச் செய்திகளைக் கற்பதை. நாவல் வாசிப்பு வேறு வகை. ஆனாலும் கோட்டுக்கும் கேள்விக்கும் உள்ள இந்த வேறுபாடு நாவலில் இன்னும் கூர்மையாகிறது என்றே கருதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பல பள்ளிகள் வைக்கும் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) நாவலை எடுத்துக்கொள்வோம். வீட்டைவிட்டு வெளியே வராத பூ ராட்லி, மரப்பொந்தில் சிறுசிறு பொருள்களை ஜெம், ஸ்கவுட் என்ற குழந்தைகளுக்காக வைத்துவருகிறான். அவன் அண்ணன் அந்தப் பொந்தைச் சிமென்ட் பூசி அடைத்துவிடுகிறான். மரம் நோயுற்றது என்று அவன் சொன்ன காரணம் பொய் எனத் தெரியவந்த மாலையில், ஜெம் அழுதிருக்கிறான் என்பதைத் தங்கை ஸ்கவுட் கவனிக்கிறாள். ஏன் அழுதான் என்று நாவல் விளக்குவதில்லை. அந்த வரியின் மேல் மஞ்சள் பூசிய மாணவி விதியை நிறைவேற்றிவிட்டாள். ‘ஒரு பொந்தை அடைத்ததற்கா இவ்வளவு அழுகை?’ என்று ஓரத்தில் எழுதியவளோ, ஜெம்முக்குப் புரிந்தது என்ன, ஸ்கவுட்டுக்குப் புரியாதது என்ன என்ற நாவலின் மையத்துக்கே வந்துவிட்டாள். எண்ணிக்கைக் கணக்கில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்.

இதைவிட என்னை உறுத்துவது பிரதி யாருடையது என்ற கேள்வி. பிறர் புத்தகத்தில் எழுதக் கூடாது என்று ஆட்லரே சொல்லியிருக்கிறார். நூலகப் பிரதியை நம்பியிருக்கும் வீட்டுப் பிள்ளை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டலாம். புத்தகத்தைத் திருப்பும் நாளில் குறிப்பு ஒரு பக்கம், அதற்குரிய வரி ஒரு பக்கம் எனப் பிரிந்துபோகும். வசதியுள்ள பிள்ளையிடமோ இரண்டும் ஒன்றாகவே தங்கும். ஆக, ஆங்கிலப் பாடத்தின் முதல் மதிப்பெண்ணிலேயே வீட்டு வருமானம் நுழைந்துவிடுகிறது. ஃபுளோரிடாவின் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மக்கில்-ஃபிரான்சனும் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. தாமே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு புத்தகங்களைக் கோடைதோறும் மூன்றாண்டுகள் சொந்தமாகப் பெற்ற சிறுவர்கள், பெறாதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் முன்னேறியிருந்தனர். அவர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள். பதினான்கு வயதினருக்கு அம்முடிவை அப்படியே நீட்ட முடியாது. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுப்பதே கல்விச் செயல் என்பதற்கு அது போதிய சான்று.

மதிப்பெண் இல்லையென்றால் யார் வாசிப்பார்கள் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். ஆனால் இணையத்துச் சுருக்கத்தைப் பார்த்தே ஒரு மாலைப்பொழுதில் ஓரங்களை நிரப்பிவிட முடியும். குறிப்புகளின் எண்ணிக்கை எந்த வாசிப்புக்கும் சாட்சியாகாது. பள்ளி ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியைச் சொந்தமாகக் கொடுக்கட்டும். தமக்கு உண்மையிலேயே விளங்காத நான்கைந்து இடங்களில் மட்டும் கேள்வி எழுதிவரச் சொல்லட்டும். முதல் வாரத்து வகுப்பு அக்கேள்விகளிலிருந்தே நடக்கட்டும். மதிப்பிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால், அந்த உரையாடலுக்குப் பிறகு அதே பக்கத்தில், முதல் கேள்விக்குக் கீழே மாணவர் எழுதும் இரண்டாவது குறிப்பை மதிப்பிடலாம்.