மின்முலாமும் ஒளியும்: உலோக நானோ படலங்களின் வரலாறு

முன்னுரை

தங்கம் மஞ்சள், வெள்ளி வெண்மை என்பது நாம் அறிந்த செய்தி. ஆனால், தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கி நீரிலோ கண்ணாடியிலோ பரப்பினால் அது மாணிக்கச் சிவப்பாகத் தெரியும். உலோகத்தின் நிறம் அதன் துகள் அளவையும், அத்துகள்களைச் சூழ்ந்துள்ள பொருளையும் பொறுத்து மாறுகிறது. நானோ கூட்டுப் படலங்களின் ஒளிப்பண்புகளுக்கு இதுவே அடிப்படை.

தொடக்கம்

வோல்ட்டா 1800 ஆம் ஆண்டில் மின்கலத்தை உருவாக்கினார். அதைக் கொண்டு இத்தாலியரான புருக்னத்தெல்லி 1805 ஆம் ஆண்டில் வெள்ளியின் மீது தங்கமுலாம் பூசினார். மின்னாற்பகுப்பு விதிகளைக் கண்டறிந்த மைக்கேல் பாரடே, 1857 ஆம் ஆண்டில் தங்க நுண்துகள்களின் சிவப்பு நிறத்தையும் ஆராய்ந்தார். உலோகத் துகள்கள் கலந்த கண்ணாடிகளின் நிறத்திற்கு மேக்சுவெல் கார்னெட் 1904 ஆம் ஆண்டில் கணித விளக்கம் அளித்தார். மின்முலாமும் உலோகத் துகள்களின் ஒளியியலும் நெடுங்காலம் தனித்தனித் துறைகளாகவே வளர்ந்தன.

வெயிலைப் பிடிக்கும் கருப்பு

இவ்விரண்டையும் இணைத்தது சூரிய வெப்பம். சாதாரணக் கருப்பு வண்ணம் வெயிலை ஈர்த்தாலும், சூடேறியபின் அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளிவிட்டுவிடும். 1955 ஆம் ஆண்டில் இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி தபோர், மின்படிவு மூலம் உருவாக்கிய கருப்பு நிக்கல் படலம் இக்குறையைத் தீர்க்கும் என்று காட்டினார். 1970களின் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில் கருப்புக் குரோமியம் பரவலாயிற்று. குரோமியம் ஆக்சைடினுள் குரோமியத் துகள்கள் பொதிந்துள்ள இப்படலம், சூரிய ஒளியில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை உட்கொள்ளும். நீண்ட அலைநீளமுள்ள வெப்பக் கதிர்களுக்கோ இது ஊடுருவும் தன்மையுடையது. எனவே அடியிலுள்ள பளபளப்பான உலோகத்தின் பண்பே மேலோங்கி, வெப்பம் வெளியேறுவது மிகவும் குறைகிறது.

காரைக்குடியின் பங்கு

இத்துறைக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு தாயகம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் எஸ். இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மக்கள் ‘சிக்ரி’ என்றழைக்கும் இந்நிறுவனம், சூரிய வெப்பச் சேகரிப்பிகளுக்கான மின்முலாம் படலங்களையும் ஆராய்ந்து வந்துள்ளது.

முடிவுரை

கருப்புக் குரோமியம் படியவைக்கும் கரைசலில் பொதுவாக ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். இது புற்றுநோயை உண்டாக்கும் நச்சு. கழிவாக வெளியேறினால் மண்ணும் நீரும் கெடும். எனவே நச்சுத்தன்மை குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம், நிக்கல், கோபால்ட் கரைசல்களில் ஆய்வாளர்கள் கவனம் செலுத்துகின்றனர். வெந்நீருக்கு விறகும் மின்சாரமும் மிச்சமாவது நன்மைதான். அந்த நன்மைக்காக முலாம்பட்டறைத் தொழிலாளியின் உடல்நலமும் ஊர்க்கிணற்றின் நீரும் விலையாகக் கூடாது. படலத்தின் ஒளிப்பண்போடு அதன் கரைசலையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.