இரு கடல், ஒரு பால்: மன்னார்க் கரையில் தாயின் உணவும் சிசுவின் குடல் நுண்ணங்கிகளும்

மன்னார்க் கரையோரத்தில் பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் மாதம் தனிச் சமையல் நடக்கும். பால்சுறாப் புட்டு, திருக்கைக் கறி, முருங்கையிலை வறை, உள்ளியும் மிளகும் நற்சீரகமும் வேர்க்கொம்பும் அரைத்துச் சேர்த்த சரக்குக் கறி என்று அது நீளும். இவை பால் சுரக்கச் செய்யும் என்பது மூத்த பெண்களின் உறுதி. இந்தப் பத்தியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவோரும் உண்டு. மீனுக்குள்ளேயே மருந்து இருப்பதாகக் கொண்டாடுவோரும் உண்டு. தாயின் உணவு எந்த வழியாகச் சிசுவின் குடலை எட்டுகிறது என்பதை இரு தரப்பும் ஆராய்வதில்லை. ஒரு குறிப்பிட்ட மீனை விட, பாலூட்டும் மாதங்கள் முழுவதும் தாயின் தட்டு வெறுமையாகாமல் இருப்பதே தீர்மானமானது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அதைச் சோதித்துப் பார்க்க மன்னாரின் இரு கடல்கள் அரிய களமாக அமைந்துள்ளன.

பாலும் பற்றீரியாவும்

தாய்ப்பால் குடிக்கும் சிசுக்களின் மலத்தில் கிளைத்த வடிவுடைய ஒரு பற்றீரியா மிகுந்திருப்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் ஹென்றி திசியே கண்டறிந்தார். இன்று அந்த இனத்தைப் பிபிடோபற்றீரியம் என்கிறோம். அது அங்கே செழிப்பதற்கான காரணம் பாலிலேயே இருக்கிறது. தாய்ப்பாலின் திண்மப் பொருள்களில் லக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்த இடம் ஒலிகோசக்கரைட்டுகள் எனும் சிக்கலான சீனிகளுக்கு உரியது. ஒரு லீற்றரில் ஏறத்தாழ 5 முதல் 15 கிராம் வரை இருக்கும் இவற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இவற்றைச் செரிக்கும் நொதியம் பிள்ளையிடம் இல்லை. எனவே இவை பெரும்பாலும் மாறாமலே பெருங்குடலை அடைகின்றன. அங்கே பிபிடோபற்றீரியங்கள், குறிப்பாக இன்பான்டிஸ் எனும் உபஇனம், இவற்றை உண்டு அசற்றிக் அமிலத்தையும் லக்டிக் அமிலத்தையும் வெளியிடுகின்றன. குடலில் அமிலத்தன்மை கூடுவதால் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் பல தழைப்பதில்லை.

செல்வ நாடுகளின் சிசுக்களிடம் இன்பான்டிஸ் இன்று அருகிவிட்டது. பங்களாதேஷ், காம்பியா போன்ற நாடுகளில் அது இன்னும் பரவலாகக் காணப்படுகிறது. ஆகவே நமது பிராந்தியத்துத் தாய்மாருக்கு இன்பான்டிசைப் பேணுவது இழந்ததை மீட்கும் முயற்சியாக இருக்கத் தேவையில்லை. இருப்பதைக் காக்கும் பொறுப்பாக இருக்கலாம்.

தட்டால் மாறுவதும் மாறாததும்

எந்தெந்த ஒலிகோசக்கரைட்டு சுரக்கும் என்பதைப் பெருமளவு தாயின் மரபணுவே தீர்மானிக்கிறது. எஃப்.யு.டி.2 எனும் மரபணு செயற்படாத தாய்மாரின் பாலில் அவற்றுள் ஒரு பிரிவே அநேகமாக இராது. சுறாவோ திருக்கையோ இதை மாற்றாது. பாலின் அளவைக் கூட்டுவதும் பிள்ளை அடிக்கடி உறிஞ்சிக் குடிப்பதுதான். மாறாக, பாலின் கொழுப்பு தாயின் உணவைப் பின்தொடர்கிறது. கடல்மீன் உண்ணும் தாயின் பாலில் டி.எச்.ஏ. எனும் ஒமேகா-3 கொழுப்பமிலம் கூடுகிறது. பி12, அயடீன் ஆகியவையும் அவள் உண்பதைச் சார்ந்தே பாலில் அமைகின்றன.

அப்படியானால் பத்தியத்தின் மெய்யான பயன் எது? அது தாய்க்கு ஒரு மாதம் புரதமும் ஓய்வும் உறுதிசெய்கிறது. சமையலும் வீட்டுவேலையும் பிறர் கைக்குப் போகின்றன. பிள்ளை தாயின் மார்போடு இருக்கிறது. தடையின்றிப் பாலூட்டுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அதன் குறை விலக்குகளில் உள்ளது. குளிர்ச்சி என்று பழங்களையும் சில மரக்கறிகளையும் ஒதுக்குவது, தாயின் குடல் நுண்ணங்கிகளுக்கு உணவாகும் நார்ச்சத்தைக் குறைக்கிறது. சிசு தன் முதல் நுண்ணங்கிகளில் பலவற்றைத் தாயிடமிருந்தே பெறுவதால் இந்த விலக்கைத் தளர்த்துவது நன்று. பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்வதால், நெத்தலி, சூடை போன்ற சிறுமீன்களுக்கு முதலிடம் தரலாம்.

ஆனால் முதல் மாதம் கழிந்ததும் இந்தப் பாதுகாப்பு விலகிவிடுகிறது. இங்கே காம்பியாவிலிருந்து வந்த ஒரு சான்று கவனத்துக்குரியது. 2017இல் வெளியான ஆய்வொன்றின்படி, அங்கே ஜூலை முதல் ஒக்ரோபர் வரையான மழைப் பருவத்தில் பாலூட்டிய தாய்மார் வறண்ட பருவத்தினரை விடக் குறைவாகவே ஒலிகோசக்கரைட்டுகளைச் சுரந்தனர். வகையை மரபணு தீர்மானித்தாலும் அளவைப் பருவம் தொடுகிறது என்பதே இதன் பொருள். ஆயினும் காம்பியாவின் மழைப் பருவத்தில் உணவுத் தட்டுப்பாடு, வயல்வேலை, தொற்றுநோய் மூன்றும் ஒன்றாகவே வருகின்றன. குறைவுக்குக் காரணம் எது என்று பிரித்தறிவது கடினம்.

இரு கடல்களின் சான்று

மன்னாரில் அதைப் பிரிக்க முடியும். மன்னார்த் தீவின் வடக்கே பாக்கு நீரிணைக் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்றில் பேசாலை போன்ற வடகரை ஊர்களின் தொழில் தளர்கிறது. சோளகக் காற்றில் வங்காலை போன்ற வளைகுடாக் கரை ஊர்கள் பாதிக்கப்படுகின்றன. மழையோ பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையே பெய்கிறது. அதாவது, வடகரையின் தொழில் நலிவு மழையோடு சேர்ந்தும், தென்கரையின் நலிவு வறட்சியோடு சேர்ந்தும் வருகின்றன. இரு கரையினரும் ஒரே மாவட்டத்தின் சுகாதார சேவையை நாடுகின்றனர். உணவு வழக்கும் பெரிதும் ஒன்றே. தாயின் உணவே காரணமாயின், தென்கரைத் தாய்மாரின் பாலில் சீனிகள் மழையில்லாத சோளகத்திலும் குறைய வேண்டும். அவர்களது பிள்ளைகளின் பிபிடோபற்றீரியமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். மழைக்காலத் தொற்றே காரணமாயின் இரு கரைகளிலும் மாரியில்தான் குறைவு தெரியும். தொழிலுக்காகக் கரை மாறும் குடும்பங்களைத் தனியே பதிவுசெய்தால் இந்த ஒப்பீடு வலுவாக நிற்கும்.

தட்டு வெறுமையாவதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. இந்திய இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. 2022 பொருளாதார நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றி வடபகுதிப் படகுகள் கரையில் கிடந்தன. அதே ஆண்டில் திரிபோஷா எனும் சத்துமாவின் விநியோகமும் தடைப்பட்டது. கடலிலும் சந்தையிலும் நேரும் இத்தகைய முறிவுகளைத் தாயின் உடல்தான் முதலில் ஈடுசெய்கிறது.

எதிர்வாதங்கள்

நன்மை தரும் பற்றீரியாவைச் சொட்டாகவோ தூளாகவோ எல்லாச் சிசுக்களுக்கும் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 சிசுக்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இதற்கு வலுவான ஆதாரம்: லக்டோபசிலஸ் பிளான்டாரம் பற்றீரியாவும் அதற்குணவான சீனியும் பெற்ற குழுவில், குருதித் தொற்றும் மரணமும் சேர்ந்த வீதம் 9.0இலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் தாய்ப்பால் தொடங்கப்பெற்ற பிள்ளைகள். மருந்து தாய்ப்பாலுக்குத் துணையாகவே நின்றது. பால்மா விற்கும் வணிகத்துக்கு இச்சான்றை வளைத்துக்கொடுக்க இடமில்லை.

சிசேரியன் பிறப்பு தாயிடமிருந்து வரும் நுண்ணங்கிகளைக் குறைக்கிறது என்பதும் மெய். 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் அத்தகைய பிறப்புகள் 32 சதவீதம். அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதே இதிலிருந்து பெறவேண்டிய முடிவு.

ஆறு மாதத்தின் பின்

2015இல் வெளியான சுவீடன் ஆய்வு, சிசுவின் குடலை வளர்ந்தோர் நிலைக்குத் தள்ளுவது திண்ம உணவின் வருகையை விடத் தாய்ப்பால் நிற்பதே என்று காட்டியது. எனவே கூழும் சோறும் தொடங்கியபின் பாலை நிறுத்துவது பிழை. எதைக் கொடுப்பது என்பதற்கு டாக்காவின் மிர்ப்பூரில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு வழிகாட்டுகிறது. கொண்டைக்கடலை, சோயா, கச்சான், வாழைக்காய் சேர்ந்த உணவு, ஊட்டக்குறையுள்ள 12 முதல் 18 மாதப் பிள்ளைகளின் குடல் நுண்ணங்கிகளைச் சீராக்கி, கலோரி கூடிய வழமையான துணையுணவை விட நன்றாக எடை கூட்டியது. இவை நான்கும் மன்னார்ச் சந்தையில் கிடைப்பவையே.

முடிவுரை

நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே பெறுவதாக அதே 2016 அளவீடு கூறுகிறது. இது மருத்துவமாதர்களின் நெடுங்கால உழைப்பின் பலன்; ஆயினும் தேசியச் சராசரிக்குள் ஒரு கரையின் நலிவுப் பருவம் மறைந்துவிடும். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் இணைந்து இரு கரைத் தாய்மாரின் பாலையும் பிள்ளைகளின் மலத்தையும் பருவந்தோறும் ஆராய வேண்டும். அந்த முடிவுக்காகக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு: நலிவுப் பருவத்தில் பாலூட்டும் தாய்க்குச் சிறுமீன், முட்டை, பருப்புக்கான உதவித்தொகை, கருவாட்டு வாடிகளில் வேலை செய்யும் தாய்க்குப் பாலூட்ட நேரமும் நிழலும், பத்தியத்தை ஏளனம் செய்யாமல் அதன் விலக்குகளை மட்டும் திருத்தும் ஆலோசனை. பத்தியத்தின் வழி முதல் மாதத்தில் குடும்பம் தாய்க்குத் தரும் காவலை எஞ்சிய மாதங்களுக்கும் நீட்டுவது பொதுச் சுகாதாரத்தின் கடமை.