கல்லா? கடவுளா? கனலா?

கதிரவன் கடவுளன்று, கனன்றெரியும் கல் என்றார் அனக்சகோரஸ். 2,400 ஆண்டுகட்கு முந்திய ஏதென்ஸ் நகரம் அவர்மீது குற்றஞ்சாட்டியது, அறிஞர் வெளியேறினார்.

கடவுளன்று என்றது சரி. கல் என்றது பிழை. அப்பிழையைத் திருத்தியது எது? புராணமா? அன்று, ஆராய்ச்சி!

1925-இல் செசிலியா பேன் என்னும் இளநங்கை, விண்மீன்களின் ஒளிநிறமாலையை ஆய்ந்து, அவற்றில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே எனக் கண்டார். பேரறிஞர் ரஸல் மறுத்தார். தம் முடிவு உண்மையன்று எனத் தம் ஆய்வேட்டிலேயே எழுதும் நிலைக்கு ஆளானார் பேன். 1929-இல், தம் ஆய்வும் அதனையே காட்ட, ரஸல் ஒப்புக்கொண்டார்.

கதிரவன் திண்பொருளன்று. எடையில் ஏறத்தாழ முக்காற்பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதிற் பெரும்பகுதி ஹீலியம். மேற்பரப்பின் வெப்பமே ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ்! அங்கே கல் ஏது?

தோழர்களே! பெரியவர் சொன்னார் என்பது சான்றாகாது. சான்றுக்குத் தலைவணங்குவதே பெருமை.